பழமனைச் சீரமைப்புப் பதிவுகள்: பதிவும் விடுபாடும்

முன்னுரை

பழைய வீடொன்று தானாக இடிந்து விழலாம். அல்லது உரிமையாளரால் இடிக்கப்படலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாவது வழி சீரமைப்பாகும். அண்மைக் காலத்தில் இவ்வழியைத் தேர்ந்துகொண்ட வீட்டுரிமையாளர் பலர் தம் பணியை நாள்தோறும் எழுத்திலும் ஒளிப்படத்திலும் பதிந்து, ஒத்த ஆர்வமுடைய பிறருடன் பகிர்ந்துகொள்கின்றனர். ஓட்டைப் பிரித்த நாள், சுவரைச் சுரண்டியபோது வெளிப்பட்ட வண்ணம், தச்சர் வராத வாரம், செலவு மதிப்பீட்டை மீறிய கணக்கு என அப்பதிவுகள் விரிகின்றன. இவற்றை வெறும் பொழுதுபோக்குக் குறிப்புகளாகக் கருதி ஒதுக்குவோர் உளர். ஆயினும் ஒரு பொருளைக் குறித்துப் பலரும் ஒரே வரிசைமுறையில், ஒரே உணர்ச்சிப் போக்கில், ஒரே வகையான தொடக்கமும் முடிவும் அமைய எழுதுவாராயின் அங்கே ஓர் எழுத்து வகைமை உருவாகிவிட்டது எனக் கொள்வதே முறையாகும். வகைமை உருவான இடத்தில் திறனாய்வுக்கும் இடமுண்டு.

இப்பதிவுகள் எவற்றைப் பதிகின்றன, எவற்றை விட்டுவிடுகின்றன, அவ்விடுபாட்டால் நேரும் இழப்பு யாது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது. செட்டிநாடு, புதுச்சேரி ஆகிய பகுதிகளின் பழமனைகள் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

சீரமைப்பைப் பதியும் தமிழ் மரபு

கட்டடத்தைச் சீரமைத்து அச்செயலை எழுத்தில் நிலைநிறுத்துவது தமிழகத்திற்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் பல கோயில்களைக் கற்றளியாக மாற்றினார். திருக்கோடிகாவலில் அவ்வாறு திருப்பணி நிகழ்ந்தபோது பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகள் படியெடுக்கப்பெற்றுப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. திருமழபாடியில் முதலாம் இராசராசன் ஆணைப்படி பழைய விமானம் பிரிக்கப்படுவதற்கு முன்னர் அதிலிருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளப்பெற்றன. திருப்பணி முடிந்தபின் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் ஏறின. பிரிப்பதற்கு முன் படியெடு என்னும் நெறி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு நடைமுறையில் இருந்தமைக்கு இவை சான்றாகும். இத்தகைய மறுபொறிப்புகள் பழங்கல்லின் படி என்னும் குறிப்புடன் வெட்டப்பெறுவதும் உண்டு. மூலம் எது, படி எது என்னும் வேறுபாட்டை மறைக்காமல் கூறும் நேர்மை அக்குறிப்பில் உள்ளது.

பிற்காலத்தில் மதுரைத் திருப்பணி மாலை அங்கயற்கண்ணி கோயிலின் எப்பகுதியை யார் கட்டினார், யார் புதுக்கினார் என்பதைச் செய்யுளில் தொகுத்தது. திருவரங்கத்துக் கோயிலொழுகு அக்கோயிலின் நிருவாகம், திருப்பணி, அழிவு, மீட்பு ஆகியவற்றை வரலாறாகச் சொன்னது. மயமதம் என்னும் வடமொழிச் சிற்பநூலில் புதுப்பித்தலுக்கெனத் தனி இயலே உண்டு.

இம்மரபில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, இவை யாவும் கோயிலைப் பற்றியன. மக்கள் குடியிருந்த மனை இங்குப் பொருளாகவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கும் உரிய வீடுகளைத் தெரு, சிறகு, வரிசை எண் ஆகியவற்றுடன் குறிக்கின்றன. ஆயினும் அங்கு வீடு முகவரியாக மட்டுமே நிற்கிறது. அதன் சுவரும் கூரையும் பேசப்படவில்லை. மற்றொன்று, பெயர் பற்றியது. கொடையளித்தோர் பெயரே பெரும்பான்மையாக இடம்பெறினும், தஞ்சைக் கல்வெட்டு குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் எனக் கட்டடக் கலைஞன் பெயரையும் சொல்கிறது. நெடுநல்வாடை நண்பகல் நிழல்கொண்டு திசையறிந்து நூல்பிடித்து மனைவகுக்கும் வல்லுநரின் செயலைக் காட்டுகிறது. பெயர் கூறாவிடினும் அவர்தம் அறிவை அது மதித்துரைக்கிறது. தொழிலறிவைப் பதியும் மனப்பாங்கு இம்மரபுக்கு அயலானதன்று என்பது இவற்றால் பெறப்படும்.

பிறநாட்டு முன்மாதிரிகள்

குடியிருப்பு மனையின் சீரமைப்பைத் தனிமனித அனுபவமாக எழுதும் போக்கு மேலைநாட்டில் வளர்ந்தது. வில்லியம் மாரிசு 1877இல் இங்கிலாந்தில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியபோது, மிகையான புதுப்பித்தலே பழங்கட்டடத்தின் முதற்பகை என்னும் கருத்து வலுப்பெற்றது. 1979இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பழைய வீடொன்றின் சீரமைப்பைத் தொடராகக் காட்டும் நிகழ்ச்சி பாசுட்டன் நகரின் டார்செசுட்டர் பகுதியில் தொடங்கியது. 1989இல் பீட்டர் மேல் எழுதிய பிரான்சு நாட்டுப் பண்ணைவீட்டு அனுபவநூலும், 1996இல் பிரான்சசு மேயசு எழுதிய இத்தாலிய இல்ல அனுபவநூலும் பெரும் வாசகப் பரப்பைப் பெற்றன.

இன்றைய பதிவுகளின் நடை இவ்வனுபவ நூல்களுக்கு நெருக்கமானது. குறிப்பாக மேலின் நூலில் கொத்தனாரும் குழாய்ப் பணியாளரும் நகைச்சுவைப் பாத்திரங்களாகின்றனர். அவர்கள் சொன்ன நாளில் வருவதில்லை. வந்தால் விசித்திரமாகப் பேசுகின்றனர். உரிமையாளரின் பொறுமையே கதையின் வீரமாகிறது. இதற்கு மாறாக, டிரேசி கிடர் 1985இல் எழுதிய நூல் புதுவீடொன்று எழும் கதையைக் கூறினும் உரிமையாளர், கட்டடக் கலைஞர், தச்சர் ஆகிய முத்தரப்பாருக்கும் ஒத்த இடம் தருகிறது. தச்சரின் கணக்கும் மனவருத்தமும் அங்கே பேசப்படுகின்றன. இவ்விரு முன்மாதிரிகளுள் முன்னதையே இன்றைய பதிவாளர் பெரும்பாலும் பின்பற்றுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

பதிவுகளின் கட்டமைப்பு

இப்பதிவுகளைப் பொதுமைப்படுத்தி நோக்கின் நான்கு நிலைகள் புலனாகும். பாழடைந்த மனையைக் காணுதல் முதல் நிலை. மறைந்திருந்த அழகு வெளிப்படுதல் இரண்டாம் நிலை. பணமோ பணியாளரோ பருவமழையோ தடையாதல் மூன்றாம் நிலை. பொலிவு பெற்ற மனையில் குடிபுகுதல் நான்காம் நிலை. காப்பியத் தலைவன் இடையூறு கடந்து வெற்றி பெறும் அமைப்பை இது ஒத்திருக்கிறது. முன்னும் பின்னுமாக இணைத்து வைக்கப்பெறும் இரு ஒளிப்படங்கள் இக்கதையின் சுருக்கமாகும்.

இவற்றுள் இரண்டாம் நிலையே பதிவுகளின் சிறந்த பகுதி எனலாம். பொங்கல்தோறும் வெள்ளையடிக்கப்பெற்ற சுவரை மெல்லச் சுரண்டும்போது அடுக்கடுக்காகக் காலம் வெளிப்படுகிறது. மேற்கூரையில் மங்களூர் ஓட்டின் அடியில் நாட்டு ஓட்டின் துண்டுகள் கிடைக்குமாயின் கூரை ஒருமுறை மாற்றப்பட்டது என அறியலாம். பாசல் திருச்சபையார் மங்களூரில் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர் என்பதால், அவ்வோடு வேய்ந்த கூரை அவ்வாண்டிற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. செட்டிநாட்டு வீடொன்றின் பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், சப்பானிய வண்ண ஓடு, ஆத்தங்குடித் தரைக்கல் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கும் பதிவு, நகரத்தாரின் கடல்கடந்த வணிகத்தை ஒரே கூரையின்கீழ்க் காட்டிவிடுகிறது. ஆவணக் காப்பகத்தில் கிடைக்காத சான்றை வீட்டுரிமையாளரின் கூர்ந்த நோக்கு தந்துவிடும் இடங்கள் இவை. இதன் மதிப்பைக் குறைத்துரைத்தல் நேர்மையாகாது.

முடிவின் பொய்ம்மை

குறை, பதிவு முடியும் இடத்தில் தொடங்குகிறது. ஏறத்தாழ எல்லாப் பதிவுகளும் புதுமனை புகுவிழா நாளன்று முடிந்துவிடுகின்றன. கட்டடத்தைப் பொறுத்தவரை அந்நாள் தேர்வு எழுதிய நாளேயன்றித் தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று.

சான்றாகச் சுவர்ப் பூச்சைக் கொள்ளலாம். பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பெற்றவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு தன்வழியே வெளியேற்றிவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசப்படின் ஈரம் உள்ளே தங்கும். உப்பு படிகமாகிச் செங்கல்லை அரிக்கும். பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். ஆனால் இக்கேடு பூசிய அன்று தெரிவதில்லை. சில மழைக்காலங்கள் கடந்த பின்னரே வெளிப்படும். பூசிய மாதத்தில் எடுக்கப்பெற்ற ஒளிப்படத்தில் சிமெண்டுச் சுவர் சுண்ணாம்புச் சுவரினும் சீராகத் தோன்றும். அப்படத்தைக் கண்டு மற்றோர் உரிமையாளரும் சிமெண்டையே நாடுவார். இவ்வாறு நல்லெண்ணத்துடன் எழுதப்பெற்ற பதிவு தவறான முறையைப் பரப்பும் கருவியாகிவிடுகிறது.

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்திற்கும் இது பொருந்தும். மர உத்தரங்களின்மீது மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் குறுக்குச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்து முடிப்பது அம்முறை. ஓர் உத்தரம் உளுத்துப்போனால் அதனை மட்டும் மாற்ற இயலும். அதனை விடுத்துத் தளம் முழுவதையும் பிரித்துக் கற்காரைத் தளம் இடுவோரும் தம் செயலைச் சீரமைப்பு என்றே எழுதுகின்றனர். செப்பனிடுதல், மீட்டமைத்தல், மாற்றிக் கட்டுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். ஒரே சொல்லால் மூன்றையும் குறிக்கும்போது எது காக்கப்பட்டது, எது அழிக்கப்பட்டது என்னும் வினாவே எழாமற் போகிறது. ஐந்து மழைக்காலம் கடந்தபின் எழுதப்பெறும் பத்துவரிக் குறிப்பு, புகுவிழா நாளின் நூறு படங்களைவிடப் பயனுடையதாகும்.

நீக்கப்பட்டவற்றின் மௌனம்

1964ஆம் ஆண்டின் வெனிசு சாசனம் பாதுகாப்புப் பணியின் ஒவ்வொரு கட்டமும் வரைபடம், ஒளிப்படம் ஆகியவற்றுடன் துல்லியமாகப் பதியப்பெற வேண்டும் என்றும், அப்பதிவு ஆய்வாளருக்குக் கிடைக்குமாறு பொது ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பெற வேண்டும் என்றும் கூறுகிறது. தனியார் இல்லப் பதிவுகள் இவ்வளவுகோலுக்கு உட்பட வேண்டிய கட்டாயம் இல்லை என வாதிடலாம். வீடு அவருடையது, பணம் அவருடையது, எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவர் உரிமை. இவ்வாதம் வலிமையுடையதே.

ஆயினும் நடைமுறையை நோக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் நடுவணரசுத் தொல்சின்னச் சட்டம் தேசிய முதன்மையுடையனவாக அறிவிக்கப்பெற்ற சின்னங்களைக் காப்பது. குடியிருக்கும் சாதாரண மனைகள் அதன் எல்லைக்குள் வருவது அரிது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அத்தகைய பட்டியல் கவனத்தை ஈர்க்குமேயன்றி ஒரு வீட்டின் கதவைக் காத்துவிடாது. பங்காளிகள் பலருக்கு உரிய வீடு பிரிக்கப்படும்போது அதன் தூணும் நிலையும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளை அடைகின்றன. வேறொரு நகரத்தில் சீரமைக்கப்பெறும் வீட்டில் அத்தூண் மீண்டும் நிற்கிறது. அவ்வீட்டின் பதிவு அதனைப் பழமையான தூண் என்று மகிழ்ச்சியுடன் குறிக்கிறது. எவ்வூரில் எவ்வீடு பிரிந்ததால் அது கிடைத்தது என்று குறிப்பதில்லை. ஒரு வீட்டின் மீட்சிக் கதைக்குள் மற்றொரு வீட்டின் மறைவு பேசப்படாமல் கிடக்கிறது. பழங்கல்லின் படி எனக் குறித்த கல்வெட்டெழுத்தாளரின் நேர்மை இங்கே நினைக்கத்தக்கது.

முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில் அழியும் நிலையிலிருந்த பழைய வீடுகள் பிரித்துக் கொண்டுவரப்பெற்று மீண்டும் எழுப்பப்பெற்றுள்ளன. அங்கு இடமாற்றம் மறைக்கப்படவில்லை. அதுவே காட்சியின் பொருளாக உள்ளது. புதுச்சேரியில் 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்சு திட்டத்தின்கீழ் வைசியாள் தெருவின் முகப்புகள் சீரமைக்கப்பெற்றன. அப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. தனி வீட்டை விடுத்துத் தெருவையே அலகாகக் கொண்டமை அதன் சிறப்பு. அடுத்தடுத்த வீடுகளின் திண்ணையும் கூரைத் தாழ்வாரமும் சேர்ந்தே தெருவாகின்றன. தனியார் பதிவுகளில் அண்டை வீடு பெரும்பாலும் படத்தின் விளிம்போடு வெட்டுண்டு போகிறது.

நீக்கப்பட்டவற்றுள் பொருள்கள் மட்டுமின்றி உறவுகளும் அடங்கும். பழமனையின் அமைப்பு அழகியல் மட்டும் அன்று. சமூக ஒழுங்கும் ஆகும். திண்ணைவரை வரத்தக்கவர் யார், முற்றம்வரை வரத்தக்கவர் யார், கொல்லைப்புறச் சந்து வழியாக மட்டுமே வர வேண்டியிருந்தவர் யார் என்பதை வீடு தன் வாயில்களாலேயே வகுத்திருந்தது. பின்கட்டின் இருண்ட அறைகளில் பெண்கள் வாழ்நாளைக் கழித்தனர். பின்கட்டு இன்று விருந்தினர் அறையாகவும் கொல்லைச் சந்து பூந்தோட்டமாகவும் மாறலாம். அம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால் முன்னிருந்த நிலையைக் கூறாமல் பழமையின் இனிமை என்று மட்டும் எழுதுவது வரலாற்றுக்கும் வெள்ளையடிப்பதாகும்.

பெயரின்றி நிற்போர்

இப்பதிவுகளில் நான் என்னும் சொல் மிகுதி. தளத்தை மாற்றினேன், சுவரைப் பூசினேன் என்று உரிமையாளர் எழுதுகிறார். உண்மையில் பூசியவர் கொத்தனார். சாந்து சுமந்தவர் சித்தாளாகிய பெண். நிலையைச் சாயாமல் நிறுத்தியவர் தச்சாசாரி. தரைக்கல்லின் பெயர் இருக்கும். மரத்தின் பெயர் இருக்கும். வண்ணத்தின் பெயர்கூட இருக்கும். கைவினைஞரின் பெயர் இராது. அவர் வராத நாள் மட்டும் தவறாது பதிவாகும்.

இது அறம் பற்றிய குறை மட்டுமன்று. அறிவு பற்றிய குறையும் ஆகும். செட்டிநாட்டுச் சுவர்களின் பளிங்கு போன்ற பூச்சு குறித்து முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்தது என்னும் ஒரு வரி எல்லாரும் அறிந்ததே. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, கடுக்காய் நீரையும் வெல்லத்தையும் எப்போது சேர்ப்பது, எந்த ஈரப்பதத்தில் தேய்ப்பை நிறுத்துவது ஆகியன கைவழி அறிவு. அவற்றைக் கூற வல்லவர் கொத்தனார் ஒருவரே. இந்தியக் கலை, பண்பாட்டு மரபு நிதியம் 2004இல் வெளியிட்ட சாசனம் மரபுவழிக் கட்டடக் கலைஞரின் வாழும் அறிவைப் பாதுகாப்புப் பணியின் மூலவளமாக ஏற்கிறது. அக்கருத்து தனியார் பதிவுகளை இன்னும் சென்றடையவில்லை.

சொற்களஞ்சியமாகப் பதிவு

தமிழாய்வாளருக்கு இப்பதிவுகள் நேரடியாகப் பயன்படும் இடம் சொல்லாய்வாகும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, தாழ்வாரம், மச்சு, நிலை, உத்தரம், போதிகை, கைமரம் எனப் பழமனையின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயருண்டு. உறுப்பு நீங்கினால் பெயரும் வழக்கிழக்கும். வளவு இல்லாத அடுக்ககத்தில் வளவு என்னும் சொல்லுக்கு வேலையில்லை.

வட்டாரச் சொல் தொகுப்பில் தமிழுக்குச் சிறந்த முன்னோடிகள் உண்டு. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும், பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் தந்தனர். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் உழவுத் தொழிற்சொல் தொகுதியுடன் தொடங்கிய வட்டாரத் தொழிற்சொல் அகராதி வரிசையில் நெசவுக்கும் கட்டடத் தொழிலுக்கும் தொகுதிகள் வெளிவந்தன. அத்தகைய முயற்சிக்குத் தமிழில் தேவையான தரவுகள் சீரமைப்பு நிகழும் ஒவ்வொரு முற்றத்திலும் நாள்தோறும் பேசப்படுகின்றன. ஆனால் பதிவாளர் அவற்றை ஆங்கிலக் கட்டடக் கலைச் சொற்களாக மாற்றியே எழுதுகின்றனர். தச்சர் போதிகை என்று சொன்னது பதிவில் வேறு மொழிச் சொல்லாகிறது. வீட்டைக் காத்தவர் அதன் பெயரை இழந்துவிடுகிறார்.

முடிவுரை

பழமனைச் சீரமைப்புப் பதிவுகள் குடியிருப்பு மனையை வரலாற்றுப் பொருளாக்கியுள்ளன. கோயிலை மட்டுமே பதிந்த நெடிய மரபில் இது குறிப்பிடத்தக்க விரிவாகும். கூர்ந்த நோக்கும் பொறுமையும் இவற்றின் வலிமைகள். புகுவிழாவோடு முடித்தல், நீக்கியவற்றையும் அவற்றின் மூலத்தையும் கூறாமை, கைவினைஞரை மறைத்தல், வீட்டின் சொற்களைக் கைவிடுதல் ஆகியன இவற்றின் குறைகள்.

இக்குறைகளைக் களையப் பெரும்பொருள் தேவையில்லை. பிரிப்பதற்கு முன் படியெடுத்தல், பிரித்ததன் பட்டியலை எழுதுதல், செய்தவர் இசைவுடன் அவர் பெயரைக் குறித்தல், அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னவாறே எழுதுதல், சில ஆண்டு கழித்து மீண்டும் வந்து பார்த்தல் ஆகியனவே போதும். முதல் நெறியைத் திருமழபாடித் திருப்பணியாளர் கடைப்பிடித்தனர். பெயர் குறிக்கும் நெறியைத் தஞ்சைக் கல்வெட்டு காட்டியது. அரசனின் ஆணையால் கோயிலுக்குக் கிடைத்த அந்த நேர்மை, உரிமையாளரின் விருப்பத்தால் ஒரு வீட்டுக்கும் கிடைக்குமாயின், அவ்வீடு பின்னொரு நாள் இடிந்தாலும் அதனைப் பற்றிய அறிவு இடியாது.